காலி மிஷின் மேடம்

பெங்களூர் அடுகோடியில் எங்கள் அலுவலகம் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது. காலையில் படியேறும்போது முதலில் இரும்பு சீவுகிற சத்தம் கேட்கும். கடைசிப் படிக்கு வந்தால் மேடத்தின் குரல் கேட்கும். திரையைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டிருப்பார்.

“பேஷன்ட், வந்துச்சு. பில்லிங், வந்துச்சு. சாம்பிள், வந்துச்சு. பிரின்ட், வரல.”

‘வரல’ என்று சொல்லும்போது குரல் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. ஆனால் அந்த ஒரு சொல்லில் எங்களில் எவனோ ஒருவனுக்குக் காலையில் தின்ற இட்லி செரிக்காமல் போகும். பெரும்பாலும் அந்த ஒருவன் நானாக இருப்பேன். நான்தான் அந்தக் குழுவுக்குத் தலைவன். ஆம்பூர்க்காரன். எங்கள் ஊர் பிரியாணிக்குப் பேர் போனது. என் வீட்டில் கேட்டால் என் கோபத்துக்கும் பேர் உண்டு என்பார்கள்.

எல்லோரும் அவரை மேடம் என்றே கூப்பிட்டோம். வயது என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம், கேட்டதில்லை. பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்து, கம்ப்யூட்டர் டிப்ளமோவும் முடித்து, எங்களைப் போலவே இன்டர்வியூவில் உட்கார்ந்து வேலைக்கு வந்தவர். புரோகிராம் எழுதச் சேர்ந்த இடத்தில் இந்த வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, “எழுதறதுக்கு நீங்க எல்லாம் இருக்கீங்க சார், கூப்ட்டு பாக்கறதுக்கு ஒரு ஆள் வேணாமா” என்றார்.

அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். மென்பொருளை ஒரே துண்டாக யாரும் எழுதுவதில்லை. ஆளுக்குச் சில துண்டுகள் எழுதுவோம். அவற்றுக்கு மாட்யூல் என்று பெயர். ஒரு மாட்யூல் வேலை செய்ய வேண்டுமானால் அது இன்னொன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்டது வந்து நின்றால் வேலை நடக்கும். வராவிட்டால் ‘இம்போர்ட் எரர்’ என்று ஒரு வரியைத் துப்பிவிட்டு கணினி கையைக் கட்டிக்கொள்ளும். எல்லா மாட்யூல்களையும் காலையில் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சுத்தமாக வருகிறதா என்று பார்த்து, வராததை எழுதி வைப்பது மேடத்தின் வேலை. கணக்குச் சரியா, அச்சு நேராக விழுகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வேறு ஆட்கள் பாடு. இப்போது இதை ஒரு சின்ன நிரல் செய்துவிடுகிறது. பச்சை டிக் விழுகிறது, பார்த்துவிட்டுக் காபி குடிக்கப் போகிறோம். அந்தப் பச்சை டிக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் குரல் கேட்கத்தான் செய்கிறது.

கூப்பிட்டுப் பார்ப்பதற்கென்று மேடம் ஒரு கணினியை வைத்திருந்தார். ஜன்னலோரம், மூலையில். அதைக் காலி மிஷின் என்போம். நாங்கள் யாரும் வருவதற்கு முன்பே வந்து, அதில் இருப்பதை எல்லாம் அழித்து, சி.டி.யைப் போட்டு ஒன்றுமே தெரியாத புது மிஷினாக ஆக்கிவிடுவார். பிறகு பொதுச் சர்வரில் இருந்து எங்கள் சரக்கை எடுத்து அதில் வைத்து, அதன் பிறகுதான் பெயர் கூப்பிடுவார். தினமும் இப்படி. ஒரு நாள் எங்கள் பையன்களில் ஒருவன் மதியச் சாப்பாட்டு வேளையில் அதில் சீட்டாட்டம் ஒன்றைப் போட்டுவிட்டான். மேடம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுபடியும் சி.டி. போட்டு, முதலில் இருந்து எல்லாப் பெயரையும் கூப்பிட்டு முடித்துவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறந்தார். அதற்கப்புறம் அந்த மூலைக்கு எவனும் போகவில்லை.

எனக்கும் அவருக்கும் தகராறு இந்தக் காலி மிஷினால்தான் வரும்.

“என் மிஷின்ல வருது மேடம். வந்து பாருங்க.”

“உங்க மிஷின்ல வரும் சார். அதுக்கு உங்கள தெரியும். இதுக்கு உங்கள தெரியாது.”

“அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?”

“வரலன்னு எழுதியிருக்கேன் சார். வர வெச்சிட்டு சொல்லுங்க, மறுபடி கூப்டறேன்.”

நான் கத்துவேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். “ஏன் சார் சும்னே டென்ஷன் ஆறீங்க” என்று பெங்களூருக்காரர்களுக்கே உரிய கன்னடம் கலந்த தமிழில் ஒரு வார்த்தை. அவ்வளவுதான். கல்லில் நார் உரிக்கலாம், அந்த அம்மாளிடம் இருந்து ஒரு ‘ஓகே’யை உரிக்க முடியாது.

அவர் எழுதும் ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்கள் இருக்கும். எதைக் கூப்பிட்டேன், வந்ததா, வராவிட்டால் கணினி என்ன சொன்னது. யார் எழுதிய மாட்யூல் என்பது இருக்காது. எங்கள் முதலாளிக்கு இது பிடிக்காது. அவருக்கு ஒரு தலை வேண்டும், உருட்டுவதற்கு. “யாரு பண்ணது மேடம்?” என்று கேட்பார். “தெரியல சார், அது ரிப்போர்ட்ல வராது” என்பார் மேடம். தெரியாமல் இல்லை. எவன் எந்த மாட்யூல் எழுதினான் என்பது அவருக்கு அத்துப்படி.

கன்னடக்காரப் பையன்கள் காலையில் உள்ளே நுழையும்போதே “பந்தா மேடம்?” என்று கேட்பார்கள். கன்னடத்தில் வந்துவிட்டதா என்று அர்த்தம். எல்லாம் வந்திருந்தால் “பந்து” என்று சிரிப்பார். இல்லாவிட்டால் “பந்தில்லா குரு”, வரலப்பா, என்று வராத மாட்யூலின் பெயரைச் சொல்வார். கன்னடமும் தமிழும் அவருக்கு வலது கை இடது கை. ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அங்கிருந்து சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, கறிக்கடைகளும் துணிக்கடைகளும் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே முதல் பஸ்ஸைப் பிடித்து அடுகோடிக்கு வந்துவிடுவார். கிறிஸ்துமஸ் மாதம் வந்தால் ஒரு பெரிய டப்பா நிறைய கல்கல் என்ற பொரித்த இனிப்பு கொண்டு வருவார். அதை அவர் மேஜையில் வைத்த கொஞ்ச நேரத்தில் டப்பா மட்டும் இருக்கும்.

இவ்வளவு சீக்கிரம் கிளம்பி வருகிறீர்களே, வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அத்தை இருக்கிறார் என்றார். அப்பாவின் தங்கை, விதவை. அம்மா காலமாகிவிட்டார். ஒரே தம்பி மெல்போர்னில். அப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் வெளியூருக்கு ஒரு கால் போட வேண்டுமானால் எண்ணைச் சொல்லிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெங்களூரில் பாதிப் பேரை அவர் அப்படிக் காக்க வைத்திருப்பார். இப்போது அவருக்கு மறதி நோய். பெயர்கள் போய்விட்டன, முகங்களும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

“தம்பி ஒரு தடவ வந்துட்டு போய்ட்டா நல்லாருக்கும் சார்” என்றார். “டாக்டர் தள்ளிப் போடாதீங்கன்றாரு. கொஞ்சமாவது தெரியறப்ப வந்துட்டா பரவால்ல.”

மேடத்துக்கு அப்போது வேறு கவலையே கிடையாது. இந்த ஒன்றுதான்.

தம்பியோ, வேலை நிரந்தரமாகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம், அதற்கடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் அந்தக் கூத்து நடந்தது. எங்களோடு இருந்த கன்னடக்காரர் ஒருவர் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். அந்த வருஷங்களில் வாரத்துக்கு ஒரு கேக் வெட்டி யாரையாவது வழியனுப்பிக்கொண்டிருந்தோம். நல்ல மனிதர், சுத்தக்காரர். போகிற அன்று, ஒரு வெள்ளிக்கிழமை, தன் மேஜையைத் துடைத்தார், இழுப்பறையைக் காலி செய்தார், சர்வரில் தன் பேரில் இருந்த குப்பைகளையும் அழித்துவிட்டுப் போனார். குப்பையோடு குப்பையாக ஒரு நல்ல மாட்யூலும் போய்விட்டது. அது இல்லாமல் ரிப்போர்ட் ஒன்றும் அச்சாகாது.

திங்கட்கிழமை ஹூப்ளியில் ஒரு பரிசோதனை நிலையத்துக்குச் சரக்கு போக வேண்டும். அன்று காலையில் மேடம் பெயர் கூப்பிட்டார். “வரல” என்றார். நாங்கள் ஆளாளுக்கு எங்கள் மிஷினில் போட்டுப் பார்த்தோம். எல்லாரிடமும் ஜம்மென்று வந்தது. இருபது மிஷினில் வருகிறது, ஒன்றில் வரவில்லை. முதலாளி எழுந்து வந்துவிட்டார். காலி மிஷினில்தான் கோளாறு, அதை மாற்றுங்கள் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். மேடம் எழுந்து என் மிஷினுக்கு வந்தார். “இதுல அந்த மாட்யூல் எங்க இருக்கு, காட்டுங்க சார்” என்றார். தேடினேன். இல்லை. நான் எழுதிய துண்டு எல்லாம் இருக்கிறது, போனவர் எழுதிய அந்த ஒன்று மட்டும் இல்லை, சர்வரில் அழித்தது எங்கள் மிஷின்களிலும் தானாக அழிந்துவிடும். ஆனால் கூப்பிட்டால் வருகிறது.

ஆளே இல்லாத வீட்டில் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குரல் வருகிற மாதிரி.

விஷயம் இதுதான். நாம் எழுதியதைக் கணினி முதல் முறை படிக்கும்போது, தனக்குப் புரிகிற பாஷையில் ஒரு நகல் எடுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும். மூலத்தை அழித்தாலும் அந்த நகல் கிடக்கும். கூப்பிட்டால் அதுவே எழுந்து வந்து நிற்கும். எங்கள் எல்லார் மிஷினிலும் பழைய நகல் கிடந்தது. தினமும் துடைத்த காலி மிஷினில் மட்டும் அது இல்லை. ஹூப்ளியிலும் இருக்கப் போவதில்லை.

அப்புறம் நியூஜெர்சிக்கு போன் போட்டு, தூங்கிக்கொண்டிருந்த மனிதரை எழுப்பி, அவர் ஜெயநகரில் அம்மா வீட்டில் ஒரு ஃப்ளாப்பி இருக்கும் என்று சொல்லி, ஒருவன் ஸ்கூட்டரில் பறந்தான். அந்த அம்மாள் பிள்ளையின் சாமான் என்று அதைப் பூஜை அலமாரியில் வைத்திருந்தாராம். குங்குமம் ஒட்டிய ஃப்ளாப்பியோடு ஒரு டப்பா புளியோகரையும், கன்னடத்துப் புளியோதரை, வந்து சேர்ந்தது. மேடம் மறுபடி மிஷினைத் துடைத்தார். மறுபடி எல்லாப் பெயரையும் கூப்பிட்டார். “பந்து” என்றார். அதன் பிறகுதான் புளியோகரை.

மேடத்தின் இந்தக் குணம் ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் வீட்டுக்கு ஒரு முறை சாப்பிட வந்தார். என் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். விருந்தாளி வந்தால் பாட்டுச் சொல்லச் சொல்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. குழந்தை சொல்கிறாள், பின்னால் நின்றுகொண்டு என் மனைவி உதட்டசைத்து எடுத்துக் கொடுக்கிறாள். குழந்தையின் கண் முழுக்க அம்மாவின் வாயில். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேடம் சிரித்துக்கொண்டே, “நீங்க கொஞ்சம் உள்ள போங்க சிஸ்டர், பாப்பா தனியா சொல்லட்டும்” என்றார். என் மனைவி உள்ளே போனாள். குழந்தை முதல் வரியைச் சொன்னாள், இரண்டாவது வரியில் நின்றாள், சுற்றுமுற்றும் பார்த்தாள், ஓவென்று அழுதாள்.

மேடம் பதறிப்போய்த் தூக்கிச் சமாதானம் செய்தார். சாக்லெட் வாங்கி வந்தார். எல்லாம் செய்தார். ஆனாலும் அவர் போன பிறகு என் மனைவி பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. “உங்க ஆபீஸ் மனுஷங்கள ஆபீஸ்லயே வெச்சுக்குங்க” என்றாள். எனக்கும் மேடத்தின் மேல் கொஞ்சம் எரிச்சல்தான். ஒரு வாய் சோறு தின்ன வந்த இடத்தில் என்ன பரிசோதனை?

நாங்கள் வீடு மாற்ற வேண்டியிருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் தன் அடுத்த தெருவில் ஒரு வீடு வாடகைக்கு இருப்பதாக மேடம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சர்ச்சில் இருந்து வந்த பிறகு போய்ப் பார்த்தேன். வீடு எங்களுக்குச் சரிப்படவில்லை. டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். முன் அறையில் அவர் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கை கொடுத்தார். “எக்ஸ்சேஞ்சுக்கு புதுசா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நைட் ஷிப்ட் கஷ்டமா இருக்கும், பழகிடும்” என்றார்.

டீ வருவதற்குள் போன் அடித்தது. மெல்போர்ன். அத்தை அடுப்படியில் இருந்து ஓடி வந்து எடுத்து, ரிசீவரை அண்ணன் காதில் வைத்து, தானும் அதோடு ஒட்டி நின்றுகொண்டார். அந்தப் பழைய போனில் பேசுவது அறை முழுக்கக் கேட்டது.

“டாடி, நான்தான். எப்படி இருக்கீங்க?”

அத்தை அண்ணனின் மறு காதில் மகன் பெயரைச் சொன்னார். அவர் சத்தமாக அந்தப் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் சந்தோஷம். அத்தை, “குளிரான்னு கேளுண்ணா” என்று கிசுகிசுத்தார். “அங்க குளிரா?” என்றார் அப்பா. “பசங்க நல்லாருக்காங்களான்னு கேளு.” கேட்டார். “காட் பிளஸ் யூ சொல்லு.” சொன்னார். கல்யாண மேடையில் ஐயர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை மந்திரம் சொல்கிற மாதிரி எல்லாம் முறையாக நடந்தது. கடைசியில் ரிசீவர் மேடத்திடம் வந்தது. தம்பி சொன்னது எனக்கும் கேட்டது.

“டாடி நல்லா தெளிவாத்தானக்கா பேசறாரு. நீதான் சும்மா பயமுறுத்தற. நெக்ஸ்ட் இயர் கண்டிப்பா வரேன்.”

மேடம் “சரிடா” என்று வைத்துவிட்டார். அத்தை திருப்தியாக டீ போடப் போனார். அப்பா என்னைப் பார்த்து, “எக்ஸ்சேஞ்சுக்கு புதுசா?” என்றார்.

பஸ் ஸ்டாப் வரை மேடம் கூடவே வந்தார். எனக்கோ வாய் சும்மா இருக்காது. “இதை உங்க தம்பிகிட்ட சொல்லலையா?” என்று கேட்டேன்.

“எத்தன தடவையோ சொல்லிட்டேன் சார். நான் சொல்றத விட அவன் காதுல கேக்கறதத்தான நம்புவான். அத்தை எடுத்துக் குடுக்கறாங்க. டாடி திருப்பி சொல்றாரு. அவனுக்கு எல்லாம் வந்துட்ட மாதிரி இருக்கு.”

“அத்தை பாசத்துலதான பண்றாங்க.”

“பாசம்தான் சார். நான் இல்லன்னு சொல்லலையே. ஆனா அத நம்பி அவன் டிக்கெட் போடாம உக்காந்திருக்கான். நெக்ஸ்ட் இயர் வந்து அவன் யார பாக்கறது?”

“சரி, எடுத்துக் குடுக்காம விட்டீங்கன்னே வைங்க. அப்பாவுக்கே நம்மள தெரியல, இனிமே போய் என்ன ஆகப்போகுதுன்னு அவர் வராமலே இருந்துட்டா?”

பஸ் வந்து நின்றது. “அதத்தான் சார் நானும் யோசிச்சிட்டிருக்கேன்” என்றார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், இப்படிக் கேட்டிருக்க வேண்டாமே என்று எனக்குத் தோன்றியது.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை நான் சீக்கிரமே வந்துவிட்டேன். மேடம் காலி மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சி.டி. ஓடிக்கொண்டிருந்தது. பட்டறை இன்னும் திறக்கவில்லை. “நேத்து டாடிய தனியா பேச விட்டேன் சார்” என்றார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை.

போன் வருவதற்கு முன்பே அத்தையிடம் சொல்லிவிட்டாராம். இன்றைக்கு ஒரு நாள் பக்கத்தில் வராதீர்கள், ஒன்றும் எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று. அத்தை சண்டை போட்டார். பெற்ற தகப்பனைப் பிள்ளை முன்னால் கேவலப்படுத்துகிறாயே, நீ ஒரு பெண்ணா என்று அழுதார். அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போன் அடித்தது. மேடம் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் கையில் கொடுத்தார்.

“டாடி, நான்தான்.”

“எந்த ஊர் சார் வேணும்?”

“டாடி, நான் மெல்போர்ன்லருந்து பேசறேன்.”

“மெல்போர்னா. லைன் ரொம்ப பிஸி சார். புக் பண்ணிட்டு வெயிட் பண்ணுங்க, கெடச்சதும் நாங்களே கூப்டறோம்.”

அப்படியே ரிசீவரை எடுத்த இடத்தில் ஒழுங்காக வைத்துவிட்டார்.

தம்பி திரும்பக் கூப்பிடவில்லை. மேடம் போன் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். இதைச் சொல்லி முடித்தபோது சி.டி. நின்றுவிட்டிருந்தது. அவர் எழுந்து அதை எடுத்து உறையில் போட்டார். பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். குரல் எப்போதும் போல இருந்தது. நான்தான் அன்று முழுக்க யாரிடமும் கத்தவில்லை.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மேடம் போட்டால் அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. அத்தை மேடத்தோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அப்பாவிடம் மட்டும், மேடத்துக்குக் கேட்கும்படியாக, “உன் பொண்ணு உன் பையன வெட்டி விட்டுட்டா” என்று சொல்வாராம். அப்பா எந்தப் பையன் என்பாராம்.

ஒரு நாள் என் மேஜைக்கு வந்து ரிப்போர்ட்டை வைத்தார். போகாமல் நின்றார். “நான் தப்பு பண்ணிட்டேனா சார்?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் அபிப்பிராயம் அது. ஊரில் என் அப்பாவுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. வாரம் ஒரு முறை போனில் ‘நல்லா இருக்கேன்பா’ என்பார். பக்கத்தில் அம்மா நிற்கிறாரா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. “இல்ல மேடம்” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே முழுசாக நம்பிக்கை இல்லை. அந்த வாரக் கடைசியில் பஸ் பிடித்து ஆம்பூர் போய் வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் படியேறினால் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது. மூலையில் மிஷின் இருட்டாகக் கிடந்தது. மேடம் வரவில்லை. சொல்லாமல் லீவு போடுகிறவர் இல்லை. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். பத்து மணிக்குப் போன் வந்தது.

“சார், தம்பி வந்துட்டான்.”

“எப்போ?”

“விடியறப்ப. கேட் சத்தம் கேட்டுது, பால்காரர்னு நெனச்சி போனேன். பெட்டியோட நிக்கறான்.”

வருகிறேன் என்று முன்கூட்டியே சொன்னால், அத்தை அழுதுகொண்டே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார், தானும் அதை நம்பிவிடுவோம் என்று பயந்துபோய்த் தம்பி போனையே எடுக்காமல் இருந்தாராம். லீவு வாங்கவும் டிக்கெட் கிடைக்கவும் இத்தனை நாள் ஆகியிருக்கிறது. மேடம் இதையெல்லாம் சொல்லும்போது குரல் ஏறியது, இறங்கியது. நான் அப்படி அவர் குரலைக் கேட்டது அன்றுதான்.

தம்பி திரும்பிப் போவதற்கு முந்தின நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பார்த்துவிட்டு வர வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். என் மனைவியும் வந்தாள், அதுவும் தானாகவே கிளம்பி. முன் அறையில் போட்டிருந்த நாற்காலியில் அப்பா கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்க நுரை. தம்பி எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். வந்த நாளில் இருந்து குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வாசலில் நடக்க வைப்பது எல்லாம் அவர்தானாம். அப்பாவுக்கு அவர் யார் என்று ஒரு நாளும் தெரியவில்லை. தம்பி என்று கூப்பிடுவார். யார் வீட்டுப் பையனையும் அப்படித்தான் கூப்பிடுவார். உள் அறை வாசலில் கட்டிய பெட்டி நின்றுகொண்டிருந்தது. அத்தை அதன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

ஒரு கன்னம் முடிந்ததும் அப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். தடவிப் பார்த்தார். பிறகு மேடத்தைக் கூப்பிட்டார்.

“இந்தப் பையன் நல்ல கைம்மா. வலிக்கவே மாட்டேங்குது. இவன எங்கயும் அனுப்பிடாத.”

தம்பியின் கையில் ரேசர் அப்படியே நின்றது. அத்தை ஏதோ சொல்ல ஓரடி முன்னால் வந்தார். வந்தவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

யாரும் பதில் சொல்லாததால் தயங்குகிறார்கள் என்று அப்பா நினைத்தார் போலிருக்கிறது. தம்பியின் முழங்காலில் தட்டிக் கொடுத்தார்.

“உங்கப்பா என்ன சொல்வாரோன்னு பயப்படாத. நான் அவருகிட்ட பேசறேன். இங்கயே இருந்துடு.”

“அவரு சரின்னுதான் சொல்வாருங்க” என்றார் தம்பி. நுரை காய்ந்துகொண்டிருந்த மறு கன்னத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.